கொள்ளி வைப்பவரும் கையெழுத்து வைப்பவரும்

தருமபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் நீளமானது. வீட்டு விவரங்கள் சிலவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் தம்பி பதினான்கு வருடமாக லண்டனில் இருந்தவன். கல்யாணம் முடிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையோடு ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது விருப்பமில்லை. மாசி மாதம் மூளையில் இரத்தக்கசிவு என்று வைத்தியசாலையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் ஆள் இல்லை என்றார்கள். உடல் வீட்டுக்கு வந்தபோது உடுப்பு மாற்றப் போன அம்மா, நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை தையல் இருந்ததைக் கண்டார். விசாரித்தால், சிறுநீரகங்களும் ஈரலும் தானமாகக் கொடுக்கப்பட்டனவாம், அந்தப் பிள்ளை சம்மதித்தாளாம். 'பெத்த என்னை ஒரு சொல்லுக் கேட்டவையோ?' என்பதுதான் அம்மாவின் வாயில் இப்போது நாள் முழுக்க. வீடியோவில் பார்த்தபோது அவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான், உயிரோடு இருந்தவனை வெட்டிப்போட்டார்கள் என்றும் சொல்கிறார். தம்பி தன் வயற்காணி அலுவல்களில் தனக்காகக் கையெழுத்து வைக்கும்படி அண்ணைக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் முடிவெடுக்கும் உரிமை அண்ணைக்குத்தானே? தாலி ஏறாத ஒருத்தி எப்படிக் கையெழுத்து வைக்கலாம்? காசு வாங்கியிருப்பாளோ என்றும் அண்ணை சந்தேகப்படுகிறார். வழக்குப் போடலாமா? இதே விஷயம் இங்கே நடந்திருந்தால் யாரைக் கேட்டிருப்பார்கள்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கு நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் "போடலாம், பார்ப்போம்" என்று சொல்லி முற்பணம் வாங்க ஆட்கள் லண்டனிலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆனால் வழக்கு நிற்காது என்பதால் உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமற்றது ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவை உள்ளே அரிப்பது சட்டமல்ல, அந்த வீடியோதான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே வருகிறேன். அவர் கண்டது பொய்யல்ல. நெஞ்சு ஏறி இறங்கியிருக்கும், உடம்பு சூடாக இருந்திருக்கும், கருவியில் இதயத் துடிப்புக் கோடு ஓடியிருக்கும். ஆனால் அந்த மூச்சை விட்டது உங்கள் தம்பியல்ல, அவர் தொண்டைக்குள் இறக்கியிருந்த குழாய்க்குப் பின்னால் இருந்த இயந்திரம். மூளைத்தண்டு செத்துவிட்டால் மூச்சு விடு என்ற கட்டளை நெஞ்சுக்குப் போகாது, அது திரும்பி வரவும் வராது. இயந்திரம் காற்றைத் தள்ளும் வரை இதயம் சில காலம் தன்பாட்டில் துடிக்கும்.

அதை ஒரு வைத்தியர் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் போதாது. பிரித்தானியாவில் இரண்டு வைத்தியர்கள் சோதிக்க வேண்டும். இருவரும் பதிவு பெற்று ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள், ஒருவராவது நிபுணராக இருக்க வேண்டும், இருவருக்கும் உறுப்பு மாற்றும் குழுவோடு தொடர்பு இருக்கக் கூடாது. கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள். விழியின் மேற்பரப்பை மெல்லத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் குளிர்ந்த நீர் விடுவார்கள், மூளைத்தண்டில் உயிர் இருந்தால் கண் அசையும். தொண்டைக்குள் சிறு குழாயை விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறும் வரை காத்திருந்து, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். இவ்வளவையும் இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் தடவைச் சோதனை முடிந்த நேரமே சட்டப்படி மரணம் நிகழ்ந்த நேரம். இரத்தக்கசிவோடு வந்து, நீங்கள் சொல்கிற மாதிரி வீடியோவில் தெரிந்த ஒருவருக்கு நடப்பது இதுதான். தையல் போட்ட நேரத்தில் தம்பி உயிரோடு இருக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லும்போது "இயந்திரம்தான் மூச்சு விட்டது" என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்காக எழுதினேன்.

இனி, யாருடைய சம்மதம் என்பது.

எங்கள் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. கொள்ளி வைக்கிறவர் யார், அந்தியேட்டி செய்கிறவர் யார், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று "எடுங்கோ" என்று சொல்கிறவர் யார் என்பதிலிருந்து வந்த வரிசை அது. அதில் தாயும் தமையனும் முன்னுக்கு நிற்பார்கள், மாமாவும் சித்தப்பாவும் பேசுவார்கள். இங்கிலாந்துச் சட்டம் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. அது முதலில் செத்தவரைக் கேட்கிறது.

அங்கே இதற்கான அடிப்படைச் சட்டம் 2004ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டம். அதன்படி முதல் கேள்வி, அவர் உயிரோடு இருந்தபோது ஒரு முடிவு எடுத்திருந்தாரா என்பது. தேசிய சுகாதார சேவையிடம் உறுப்புத் தானப் பதிவேடு ஒன்று இருக்கிறது. தருகிறேன் என்றும் பதியலாம், தரமாட்டேன் என்றும் பதியலாம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கேள்வியும் வரும், எத்தனையோ பேர் பெடியன்கள் அந்த இடத்தில் சரி போட்டுவிட்டு மறந்துபோவார்கள். உங்கள் தம்பி பதினான்கு வருடம் அங்கே இருந்தவர், வாகனம் ஓடியிருப்பார். அவர் அப்படிச் சரி போட்டிருந்தால் சம்மதம் அவருடையது. அந்தப் பிள்ளையும் அதை மாற்ற முடியாது, பெற்ற தாயும் மாற்ற முடியாது. அவர் இல்லை என்று பதிந்திருந்தால் ஊரே சேர்ந்து ஆம் என்றாலும் நடக்காது.

முடிவு எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி, தனக்குப் பிறகு இதைத் தீர்மானிக்க என்று யாரையாவது நியமித்திருந்தாரா என்பது. ஒரு சாட்சிக்கு முன் எழுதிக் கையெழுத்து வைத்தும் நியமிக்கலாம், இரண்டு சாட்சிகளுக்கு முன் வாயால் சொல்லியும் நியமிக்கலாம், இறுதி விருப்பாவணத்திலும் எழுதலாம். எங்கள் பக்கத்தில் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் போடுவதில்லையா, கிட்டத்தட்ட அதுபோல. காணிக்குப் பெயர் போடப் பிரதேச செயலகத்தில் நாள் முழுக்க வரிசையில் நிற்கிறோம், உடம்புக்கு அந்த யோசனையே வருவதில்லை.

அதுவும் இல்லையென்றால்? இங்கேதான் 2020 மே 20ஆம் திகதிக்குப் பிறகு ஒரு பெரிய மாற்றம். அன்றிலிருந்து இங்கிலாந்தில், பதினெட்டு வயது முடிந்த ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ எதையும் சொல்லாமல் இறந்தால், வழமையாக மாற்றப்படும் உறுப்புகளைத் தருவதற்கு அவர் சம்மதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேல்ஸில் இது 2015இலேயே வந்துவிட்டது. ஸ்கொட்லாந்தில் 2021, வட அயர்லாந்தில் 2023. விதிவிலக்குகள் உண்டு. இறப்பதற்கு முன் பன்னிரண்டு மாதமாவது அங்கே வழமையாக வசிக்காதவர்களுக்கும், இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ளும் நிலையில் நெடுங்காலமாக இல்லாதவர்களுக்கும் இது பொருந்தாது.

நெருங்கிய ஒருவர் வந்து "அவருக்கு இது விருப்பமில்லை, என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று நம்பத்தக்க விதத்தில் சொன்னால், சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது நின்றுவிடும். கவனியுங்கள், "எனக்கு விருப்பமில்லை" என்பதைச் சட்டம் கேட்கவில்லை. அவருக்கு விருப்பமில்லை என்பதற்கு ஏதாவது உண்டா என்றுதான் கேட்கிறது. நடைமுறையில், குடும்பம் ஒரேயடியாக எதிர்த்து நின்றால் வைத்தியசாலை வற்புறுத்திச் செய்வதில்லை. ஆனால் அது அவர்களுடைய நிதானம், குடும்பத்துக்குள்ள சட்ட உரிமையல்ல.

ஆகவே "அந்தப் பிள்ளை சம்மதித்தாள்" என்று உங்களுக்கு வந்த செய்தியே அரைகுறைச் செய்தியாக இருக்கலாம். தம்பியே பதிந்திருக்கலாம். அல்லது தம்பி ஒன்றும் சொல்லாமல் போக, "அவருக்கு மறுப்பு இருந்ததாக எனக்குத் தெரியாது" என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கலாம். இரண்டிலுமே அம்மாவின் கோபம் ஆள் மாறிப் போய் விழுந்திருக்கிறது.

சரி, தாலி ஏறாதவர் எப்படி அந்த இடத்தில் இருந்தார் என்கிறீர்கள். உறவினரின் சம்மதம் தேவைப்படும் இடங்களுக்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலாவது கணவன், மனைவி அல்லது துணை. துணை என்பதற்குத் தாலியோ பதிவோ கேட்பதில்லை, நிலையான குடும்ப உறவில் சேர்ந்து வாழ்ந்தவர்களா என்பதைத்தான் பார்க்கிறது. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் இதற்குள் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது பெற்றோரும் பிள்ளைகளும். மூன்றாவது சகோதரங்கள். பிறகு பேரன் பேத்தி, அப்பப்பா, அம்மம்மா தலைமுறை. பிறகு சகோதரங்களின் பிள்ளைகள். பிறகு மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை. அதற்கும் கீழேதான் தாயோ தகப்பனோ வேறான சகோதரங்கள். கடைசியில் நெடுநாள் நண்பர்.

வரிசையை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். மாமா இல்லை, மாமி இல்லை, சித்தப்பாவும் பெரியப்பாவும் இல்லை. எங்கள் வீடுகளில் எந்தக் காரியத்துக்கும் யாரிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டுமோ அவர்கள் ஒருவரும் அங்கே இல்லை, கூட இருந்த சிநேகிதன் இருக்கிறான்.

ஒரே படியில் உள்ளவர்களுக்குள் எல்லாருக்கும் சமமான இடம், ஒருவர் சம்மதித்தாலே போதும். மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்ற பேச்சில்லை. ஊரில் சட்டப்படி மனைவி இருக்க, அங்கே இன்னொருவரோடு குடும்பமாக இருப்பவர்களும் உண்டு என்பது இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் புதினமல்ல. அப்படியானால் மனைவியும் துணையும் ஒரே படியில் நிற்பார்கள், வைத்தியசாலைக்குக் கிட்ட நிற்பவரின் பேச்சுத்தான் முதலில் கேட்கும். இருக்கிற நேரத்துக்குள் தொடர்புகொள்ள முடியாத உறவினரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. லண்டனில் இரவு பத்து மணி என்றால் மாசி மாதத்தில் தருமபுரத்தில் விடியப்புறம் மூன்றரை. அந்த நேரத்தில் யாருடைய இலக்கத்துக்கு, எந்த மொழியில் எடுப்பார்கள்?

இந்த வரிசை முழு வலுவோடு வேலை செய்வது உங்கள் தம்பி போன்றவர்களுக்கல்ல, புதிதாகப் போனவர்களுக்குத்தான். படிக்கவோ பராமரிப்பு வேலைக்கோ போய் ஆறேழு மாதமான ஒரு பெடியன் விபத்தில் இறந்தால், அவன் பன்னிரண்டு மாதக் கணக்குக்குள் வரமாட்டான். அவன் தானே பதிந்துவைக்காவிட்டால் உறவினரிடம் சம்மதம் கேட்டே ஆக வேண்டும். கல்யாணமாகாதவன் என்றால் தொலைபேசி விசுவமடுவிலோ மாங்குளத்திலோ உள்ள தாய்க்கோ தகப்பனுக்கோதான் வரும். பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிற பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, அந்த அழைப்பு வரும்போது யோசிக்க அதிக நேரம் இருக்காது. பாரிஸில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: பிரான்ஸில் 1976 முதலே, மறுக்காதவர் சம்மதித்தவர் என்பதுதான் சட்டம், மறுப்பைப் பதிவதற்குத் தனிப் பதிவேடு உண்டு. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அங்கேயும் துணைக்குத்தான் முதலிடம்.

அண்ணையின் அற்றோணித் தத்துவத்துக்கு வருகிறேன். இதில்தான் எங்கள் ஆட்களுக்கு நிறையக் குழப்பம். வெளிநாட்டில் இருப்பவர் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பிய கடதாசி கையில் இருந்தால், அவருடைய எல்லா அலுவலுக்கும் தானே அவர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. முதலாவது, காணி அலுவலுக்கு எழுதியது காணி அலுவலுக்கு மட்டும்தான். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இருக்காது. இரண்டாவது, எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடியதும் அந்தப் பத்திரமும் முடிந்தது. இறந்தவருக்காக ஒருவரும் தத்துவகாரராக இருக்க முடியாது. விருப்பாவணத்தை நிறைவேற்றுபவர் என்று ஒருவரை நியமித்திருந்தாலும், அந்தப் பதவி மட்டும் அவருக்கு உறுப்புகளைப் பற்றிப் பேசும் உரிமையைத் தராது.

காசு விஷயம். அண்ணையின் சந்தேகத்தை நான் பிழையாக எடுக்கவில்லை. சிறுநீரக வியாபாரம் பற்றிப் பத்திரிகையில் எவ்வளவோ படித்திருக்கிறோம். ஆனால் அதெல்லாம் உயிரோடிருப்பவர்களின் வறுமையை வைத்து நடக்கும் வியாபாரம். பிரித்தானிய வைத்தியசாலையில் இறந்த ஒருவரின் உறுப்புக்கு எவருக்கும் காசு கொடுக்கப்படுவதில்லை. கொடுப்பதும் வாங்குவதும் அதே 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். உறுப்பு யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதும் அந்த வைத்தியசாலை அல்ல, நாடு முழுவதற்குமான காத்திருப்புப் பட்டியல். "அவள் வித்துப்போட்டாள்" என்று ஊரில் சொல்லித் திரிவதை அண்ணை நிறுத்த வேண்டும். அது அவதூறு. சட்டத்தைக் காட்டி வெருட்டுவதற்காகச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு அது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உறுப்புத் தானத்துக்கான தாதி, துணையோடு அல்லது குடும்பத்தோடு இருந்து நெடுநேரம் கேள்வி கேட்பார். என்ன மருந்து எடுத்தார், குடித்தாரா, புகைத்தாரா, எந்த நாடுகளுக்குப் போனார், மலேரியா வந்ததா, பச்சை குத்தினாரா. தன் ஆள் பக்கத்து அறையில் இயந்திரத்தில் கிடக்க, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார் அந்தப் பிள்ளை. ஆறு வருடம் அவரோடு இருந்தவருக்குத்தான் அந்தப் பதில்கள் தெரிந்திருக்கும்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு அநியாயமே நடக்கவில்லையா? நடந்தது. உடல் வந்து இறங்கி, உடுப்பு மாற்றும்போது தையலைக் கண்டு தாய் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது. யாராவது ஒருவர் முதலே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குறையை வைத்தியசாலையின் தலையில் முழுக்கப் போட எனக்கு மனமில்லை. ஆறு வருடமாக அந்தப் பிள்ளையோடு உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் கதைக்கவில்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆள் போன இரவில் அவர் யாருக்கு எடுத்துச் சொல்வார்?

வழக்கறிஞர் கடிதம் அனுப்ப வேண்டாம். நீங்களே, அண்ணையல்ல நீங்கள், அவருக்கு ஒரு தரம் தொலைபேசி எடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். தம்பி பதிவேட்டில் பதிந்திருந்தாரா? சம்மதப் படிவத்தின் பிரதி கையில் இருக்கிறதா? வைத்தியசாலையிலிருந்து ஏதும் கடிதம் வந்ததா? தானம் செய்தவரின் குடும்பத்துக்கு, எந்தெந்த உறுப்பு எப்படிப்பட்டவருக்குப் பயன்பட்டது என்று கடிதம் எழுதுவார்கள். பெயர், ஊர் இருக்காது. "நடுத்தர வயதுப் பெண், பல வருடம் காத்திருந்தவர்" என்ற அளவில்தான் இருக்கும். குடும்பம் விரும்பினால் பெற்றுக்கொண்டவர் பெயரில்லாமல் எழுதும் நன்றிக் கடிதமும் அந்த வழியாகவே வரலாம். 2013 முதல் தானம் செய்தவர்களின் குடும்பங்களுக்கு செயின்ட் ஜோன் அமைப்பு ஒரு விருதும் கொடுக்கிறது. இதெல்லாம் இப்போது அந்தப் பிள்ளையின் விலாசத்துக்குத்தான் போயிருக்கும். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட அம்மா சம்மதித்தால் வாசித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் வைத்திருங்கள். தமிழ்நாட்டில் 2023இல் இருந்து உறுப்புத் தானம் செய்தவரின் இறுதிக் கிரியைக்கு அரச மரியாதை கொடுக்கிறார்கள். அம்மா அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் கண்டிருப்பார். மகனுக்கு யாரும் மரியாதை செய்யவில்லை என்ற எண்ணமும் அவரது கோபத்துக்குள் இருக்குமோ என்று எனக்குப் படுகிறது.

படிவத்தில் ஏதும் உண்மையிலேயே பிழையாக இருந்தால், உதாரணமாகத் தம்பி மறுப்புப் பதிந்திருந்தும் எடுத்திருந்தால், அது வேறு கதை. சம்மதமில்லாமல் எடுப்பது அங்கே சிறைக்குப் போகும் குற்றம். அப்போது என்னிடம் வாருங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி, இங்கே நடந்திருந்தால் என்ன என்பது.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம்தான் மனித இழைய மாற்றீட்டைப் பற்றியது. இங்கிலாந்து போலச் சொல்லாமல் போனவரைச் சம்மதித்தவராக எடுக்கும் முறை இங்கே இல்லை. உயிரோடு இருக்கும்போது அவரே சம்மதம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இறந்த பின் நெருங்கிய உறவினர் கொடுக்க வேண்டும். மூளையின் எல்லாத் தொழிற்பாடும் மீள முடியாதபடி நின்றால் அது மரணம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. விபத்து மரணம் என்றால், ஏ9 வீதி இருக்கிறவரை எங்கள் பக்கத்தில் அது குறையப்போவதில்லை, குடும்பத்தின் சம்மதத்தோடு விஷயம் முடியாது. பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி என்ற வழியும் இருக்கிறது. உறுப்பு எடுப்பதால் மரண விசாரணை கெட்டுவிடாது என்று அவர்கள் திருப்திப்பட வேண்டும்.

கண் தானம் எங்கள் நாட்டுக்குப் பழக்கமானது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கத்தால் இலங்கைக் கண்கள் எத்தனையோ நாட்டுக்குப் போயிருக்கின்றன. அதற்கு இயந்திரத்தில் இருக்க வேண்டியதில்லை, வீட்டில் இறந்தாலும் சில மணி நேரத்துக்குள் சொன்னால் போதும். மற்ற உறுப்புகள் அப்படியல்ல, பெரிய வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தால்தான் முடியும். கண்டி வைத்தியசாலையில் 2017இல் இதய மாற்றுச் சிகிச்சையே செய்துவிட்டார்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை வீடுகள் இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அங்கே காத்திருப்பவருக்கும் யாரோ ஒரு வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் வழி.

வன்னிக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. யுத்த காலத்தில் அவசரமாக நடந்து பதியாமலே போன கல்யாணங்கள் எத்தனை! இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், விவாகச் சான்றிதழ் மட்டும் இல்லை. இங்கே வைத்தியசாலையில் நெருங்கிய உறவினர் யார் என்று கேட்கும்போது மாமியாரும் மைத்துனரும் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று நின்றால், கடதாசி இல்லாதவரின் குரல்தான் முதலில் அமுங்கும். அப்படி இருப்பவர்கள் இப்போதாவது விவாகப் பதிவாளரிடம் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். கணவர் காணாமற்போனவர்களின் நிலை இன்னும் கடினம். 2016இன் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுத்தவர்களும் இருக்கிறார்கள், எடுக்கவே மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் எது சரி என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் தனியாகப் பிள்ளை வளர்த்த ஒரு தாய் தன் விருப்பத்தை, வளர்ந்த பிள்ளை தன் விருப்பத்தை, இரண்டு சாட்சியோடு ஒரு தாளில் எழுதி வைத்தால், தகப்பன் எங்கே என்ற கேள்வி அந்த நேரத்தில் எழுவதற்கு இடம் குறையும்.

எழுதியதை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். சாவைப் பற்றி வீட்டில் கதைத்தால் தரித்திரம் என்பார்கள், அதையும் தாண்டித்தான் சொல்ல வேண்டும். நல்லநாள் பெருநாளில் வேண்டாம், ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்து தோய்ந்துவிட்டு இருக்கும் பின்நேரத்தில் ஒருவரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

அண்ணைக்கு அவசரமாக ஒரு விஷயம் சொல்லுங்கள். அந்த அற்றோணித் தத்துவத்தை வைத்து வயலை அடுத்த காலபோகத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கவோ, எந்தப் பத்திரத்திலும் தம்பி சார்பில் கையெழுத்து வைக்கவோ வேண்டாம். தம்பி இறந்த நாளோடு அது வெறும் தாள். காணி இப்போது யாருக்கு என்பது வேறு சட்டம், அதற்கு வேறு வரிசை. காணிப் பத்திரம், லண்டன் மரணச் சான்றிதழ், தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை நான்கையும் எடுத்துக்கொண்டு யாராவது ஒரு சட்டத்தரணியிடம் இந்த மாதத்துக்குள் போகச் சொல்லுங்கள்.